சிஐடி அக்காவின் மூச்சு நோட்டு

நெஞ்சு நோய் கிளினிக்கில் தரை துடைக்கும் அவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் சிஐடி அக்கா. சும்மா வைக்கவில்லை. சோப்புத்தூள் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே நேற்றைவிட இன்று எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அவள் வீட்டு வாசலில் நின்றாலே கால் மாற்றி மாற்றி நிற்பார். யாராவது "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டதும் இந்தக் குணத்தால்தான். எட்டாவதோடு நின்ற படிப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அர்த்தம் வராது. நோயாளியின் தலைக்கு மேலே டாக்டர்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்களே, நல்ல சேதியாக இருந்தால் நமக்குப் புரிகிற பாஷையில் சொல்ல மாட்டார்களா என்று ஒரு நாள் யோசித்தாள். மறுநாளே ஒரு நோட்டு வாங்கிவிட்டாள். லங்ஸ்: நுரையீரல், இரண்டு. இன்ஹேல்: உள்ளே இழு. எக்ஸேல்: வெளியே விடு. வீசிங்: நெஞ்சுக்குள் விசில். டிஸ்னியா: மூச்சு வாங்குவதுதான், டாக்டர் வாயில் இப்படி. ஆஸ்துமா: வரும், போகும். ஃபைப்ரோஸிஸ்: வந்தால் போகாது.

கடைசி வார்த்தைக்குத் தன் வீட்டிலேயே ஆள் இருப்பது அவளுக்கு அப்போது தெரியாது. புருஷன் கல் பாலிஷ் போடும் ஷெட்டில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். இப்போதெல்லாம் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கிளினிக்கில் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். மெஷின் 1.9 லிட்டர் என்றது; நல்ல நெஞ்சென்றால் நாலுக்கு மேல் காட்ட வேண்டும். கல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது. இது ஷெட்டில் வந்த நோய்தான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டால், ஆயுசு முழுக்க மருந்தும் ஆக்ஸிஜனும் அவர்கள் பொறுப்பு. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஆக்ஸிஜனுக்குக் கதியில்லை.

கம்பெனி ஆபீஸில் கிளார்க் ஐந்து தாள்களை எடுத்து நீட்டினார். வருடா வருடம் ஷெட்டில் ஊத வைத்து எடுத்த தாள்கள். ஐந்திலும் அவர் ஹெல்மெட் நம்பர், ஐந்திலும் நார்மல். போன வருடம் 4.8 லிட்டர்.

"இங்க நல்லாத்தானம்மா ஊதியிருக்காரு. வெளிய போய் என்னத்த இழுத்தாரோ" என்றார் கிளார்க்.

பீடி வாசனையே ஆகாத மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாள் போலி என்று அந்த நிமிடமே முடிவு கட்டினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகப் பட்டியல் ஏறியது: கிளார்க், கம்பெனி டாக்டர், ஊத வைத்த நர்ஸ்.

"விடேன். தாள்ல இருக்கறது இருந்துட்டுப் போகட்டும்" என்று புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊரில் ஒருவரையும் விடாதவள், நோயாளியின் சலிப்பு என்று அவரை மட்டும் விட்டுவிட்டாள்.

ஐந்து தாள்களின் நகலையும் கிளினிக்கில் ஊத வைக்கும் டெக்னீஷியன் பெண்ணிடம் காட்டினாள்.

"யாரும் கையால எழுதலக்கா. மெஷின் போட்ட கோடு இது. நெஜமாவே ஒருத்தர் ஊதியிருக்காரு" என்றாள் அந்தப் பெண். "கடைசில பாருங்க, சின்னதா மூணு மேடு. மூச்சு தீரப் போற நேரத்துல வயித்த எக்கி மூணு தடவ தள்றாரு. அஞ்சுலயும் அதே ஆளுதான். ஆனா உங்க வீட்டுக்காரர் இல்ல. அவரு இங்க ஊதினதுல இந்த மேடே கெடையாது."

சிஐடி அக்கா அந்த மூன்று மேட்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் பலூன் ஊதுவது அவள் தம்பிதான். கண்ணை உருட்டி, கடைசியில் வயிற்றை எக்கி மூன்று தள்ளு தள்ளுவான், வீடே சிரிக்கும். அவனுக்கும் அதே ஷெட்டில்தான் வேலை.

போன் போட்டாள். "தம்பி, எங்க கிளினிக்ல ஃப்ரீயா பாக்கறாங்க. வந்து ஊதிட்டுப் போ."

அடுத்த லீவு நாளில் வந்தான். ஊதினான். தாள் வெளியே வந்தது: மூன்று மேடு. அதைப் பெஞ்சில் மற்ற ஐந்தோடு சேர்த்து வரிசையாக வைத்தாள். தம்பி தாளைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான்.

"மாமாதான்க்கா கேட்டாரு" என்றான். "ஊத முடியலன்னா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. தலையில ஹெல்மெட்டு, மூஞ்சி பூரா வெள்ளத் தூசி, எவன் எவன்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்? ஹெல்மெட் நம்பரத்தான் பாப்பாங்க. மூச்சுத் தெம்பு இருக்கறவன் அடுத்தவன் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு அவனுக்கும் சேத்து ஊதுவான். அங்க எல்லாருமே அப்படித்தான். உதவின்னு நெனச்சுத்தான்க்கா செஞ்சேன்."

அடிக்கக் கை ஓங்கினாள். முடியவில்லை. ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டுவிட்டு, தன் கையால் சோறு வாங்கித் தின்ற இரண்டு பேரைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தாள்களை அடுக்கும்போதுதான் புதுத் தாளின் நம்பரைப் பார்த்தாள். 3.9. கீழே ஒரு வரி இங்கிலீஷ். டெக்னீஷியன் சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, இவளே எழுத்துக்கூட்டினாள். மைல்ட் ரெஸ்ட்ரிக்ஷன். இரண்டுமே நோட்டில் இருந்தன. மைல்ட்: இப்போதுதான் ஆரம்பம். ரெஸ்ட்ரிக்ஷன்: நுரையீரல் முழுசாக விரிய மாட்டேன் என்கிறது.

"என்னக்கா போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"மாமாவுக்கு வந்தது உனக்கும் ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு ஆபீஸுக்கு நானும் வரேன். ஹெல்மெட் மாத்தினதச் சொல்லிடு."

"சொன்னா எனக்கும் வேலை போயிடுமேக்கா. இன்னும் நாலஞ்சு வருஷம் ஓட்டிடலாம்."

அவள் ஆறு தாள்களையும் நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

"ஓட்டலாம். உன் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு யாருடா ஊதுவா?"