வாத்தியாரைப் பார்க்க ஒரு படை

போன வாரம் ஆண்டிமடத்தில் ஒரு கணக்கு வாத்தியாரைப் பார்க்க அம்பாசிடர் காரில் போனேன். முன் சீட்டில் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். கார் அவருடையது. பின் சீட்டில் பக்கத்து வீட்டு அஞ்சலை, பஸ் கண்டக்டராக இருக்கும் அவள் அண்ணன், அப்புறம் நான். பெண் பார்க்கக் கிளம்பின மாதிரி இருந்தது... பூவும் பழமும்தான் பாக்கி!

விஷயம் இதுதான். அஞ்சலையின் மகள் வளர்மதி எட்டாவது படிக்கிறாள். திடீரென்று ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம். கணக்கு சார் தினமும் தன்னையே எழுப்பி போர்டுக்கு அனுப்புகிறாராம். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அவளுடைய அப்பாவோ, "புடிக்கலைன்னா வுடு. முந்திரிக்கொட்டை பொறுக்க வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அஞ்சலைக்குத் தூக்கமே போய்விட்டது.

சரி, நேரே போய் சாரிடம் கேட்கவேண்டியதுதானே? அதெப்படி! நம் பக்கத்தில் வாத்தியாரிடம் பேச ஒரு பெரிய மனுஷரைப் பிடித்தாக வேண்டும்.

"நீங்களும் வாங்கக்கா. பத்திரிகையில எழுதறவங்கன்னா சார் கொஞ்சம் பயப்படுவாரு" என்றாள் அஞ்சலை. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன் என்பது நமக்குள் இருக்கட்டும்.

வீட்டு வாசலில் எங்கள் படையைப் பார்த்ததும் சார் பதறி எழுந்தார். நாற்காலி வந்தது, குடிக்கக் கலர் வந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார். "நம்ம புள்ளைங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேங்க ஐயா. நல்ல பொண்ணுங்க."

அவ்வளவுதான்! அப்புறம் மழை, உரம் விலை, எலெக்ஷன்... வளர்மதியின் பேச்சே இல்லை. திரும்பி வரும்போது தலைவருக்கு ஏகத் திருப்தி.

மறுநாள் காலை வளர்மதி பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அஞ்சலை என்ன நினைத்தாளோ, கிடுகிடுவென்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆனால் வாசலோடு நின்றுவிட்டேன் – காது மட்டும் உள்ளே.

"எம்பொண்ணு மேல உங்களுக்கு என்ன கோவம் சார்?"

சார் திகைத்துவிட்டார். "கோவமா? வகுப்புல அவ ஒருத்திதாம்மா கணக்கைத் தப்பில்லாம போடறா. மத்ததுங்க பாத்துக் கத்துக்கட்டும்னுதான் அவளை எழுப்பறேன்."

"எங்க வூட்ல யாரும் படிச்சதில்லீங்க. வாத்தியார் எழுப்பினாலே தண்டனைன்னு நெனச்சேன். அவகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன். அதுக்குக் கூச்சம் ஜாஸ்திங்க. புள்ளைங்க சிரிக்கவும் நடுங்கிப் போச்சு."

"சிரிக்கறாங்களா? நான் போர்டையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்..." சாரின் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு அனுப்பி வைங்கம்மா. கூட இன்னொரு பொண்ணையும் சேர்த்து எழுப்பறேன். நீ நல்லா போடறேன்னு அவகிட்டயே சொல்றேன். இத்தனை நாளா சொல்லாம விட்டது என் தப்பு."

வெளியே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாத்தியார் என்றால் நாம் ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். இல்லையா, ஆள் திரட்டிக்கொண்டு போகிறோம். பிள்ளை வீட்டில் என்ன சொல்லி அழுகிறது என்று அவருக்கு யார்தான் சொல்வது? நாம்தானே சொல்லவேண்டும்?

சாருக்கு மட்டும் ஒரு குறை. "ஏம்மா, நேத்து நீங்களும்தானே வந்திருந்தீங்க? அப்பவே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"வந்தேங்க சார். ஆனா நீங்க தலைவர்கிட்டதானே பேசுனீங்க?"