கிணற்றில் போட வேண்டிய பொட்டலம்

எங்கள் வீட்டைப் பழவங்காடிப் பிள்ளையார்தான் பங்கு வைத்துக் கொடுத்தார் என்று ஆரியசாலைத் தெரு முழுக்க நம்பிற்று. நம்பாதவள் நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் எல்லோரும் ஏதோ கள்ளத்தனம் செய்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்று உறுதியாக நினைத்திருந்த வயது.

நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. வீட்டின் முன்கட்டில் தெருவைப் பார்த்தபடி கடையும், காற்றும் வெளிச்சமும் உள்ள இரண்டு அறைகளும் இருந்தன. பின்கட்டில் அடுக்களை, கிணறு, பகலிலும் விளக்கு கேட்கும் மூன்று அறைகள். தெருவிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் ஆள் ஒருக்களித்து நடக்கும் ஒரு முடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். தாத்தா காலமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் பெரியப்பாவும் அப்பாவும் பிரிந்துகொள்வது என்றாகிவிட்டது. இரண்டு பேருக்குமே முன்கட்டுதான் வேண்டும்.

அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் அது அதிகம் வேண்டியிருந்தது. அவளுக்கு இழுப்பு உண்டு. வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கினால் பின்கட்டுச் சுவரில் ஈரம் ஏறும். அம்மா விடிய விடிய உட்கார்ந்தே மூச்சு வாங்குவாள். முன்கட்டு ஜன்னலோரம் படுத்தால் சரியாகிவிடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை அவள் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அப்பாவின் காதில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பங்கு முடியாமல் இழுத்த அந்த ஆறு மாதம் வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. பெரியம்மா எண்ணெய்ப் பரணியில் எண்ணெய் நின்ற மட்டத்துக்குக் கரிக்கோடு போட்டு வைத்தாள். அம்மா தேங்காய்க் குடுமிகளில் நூல் கட்டி அடையாளம் வைத்தாள். பெரியப்பா மக்கள் இரண்டு பேரும் அவர்கள் அம்மாவுக்கு ஒற்றர்கள், நான் என் அம்மாவுக்கு. ஒரு சேதிக்கு ஒரு துண்டு கருப்பட்டி. சேதி இல்லாத நாளில் நானே கொஞ்சம் உண்டாக்கிக் கொடுத்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். என் சந்தேகம் பெரும்பாலும் பெரியப்பா மேல்தான். அவர் யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வாங்கினால்கூட மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படி ஒரு மனிதன் இருக்க முடியுமா, இதற்குள் ஏதோ சூது இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

சொந்தக்காரப் பெரியவர்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒரு இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத ஒரு பெண்குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் முன்கட்டு பெரியப்பாவுக்கு, சிவப்பு வந்தால் எங்களுக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, எடுத்த குழந்தையே அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட வேண்டும். வீட்டில் பெண்குழந்தை நான் ஒருத்திதான். விவரம் தெரியாத குழந்தை என்று என்னைச் சொன்னதில் எனக்கு வருத்தம்தான்.

பொட்டலத்தை யார் கட்டுவது என்று அடுத்த சண்டை. பெரியப்பா கட்டக் கூடாது என்று அம்மாவும், அப்பா கட்டக் கூடாது என்று பெரியம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"தம்பி கெட்டட்டும். அவன் மக எடுக்கட்டும். எனக்கு ஒரு மறுப்பும் இல்ல."

பெரியம்மா முகம் கறுத்துவிட்டது. எனக்கோ இது பெரிய தந்திரமாகப் பட்டது.

குறித்த நாளில் காலையிலேயே எல்லோரும் பழவங்காடிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். அப்பா குளித்த ஈரத்தோடு பூஜையறைக்குள் போனார். வாழையிலைத் துண்டுகளை அவர் கையில் கொடுக்கும்போது அம்மா மெதுவாக, "பாத்துக் கெட்டுங்க" என்றாள். ஒற்றனின் காது, எனக்கு விழுந்துவிட்டது. அம்மா அப்பாவின் கண்ணையே பார்த்தாள், அப்பா இலையைப் பார்த்தார். ஓகோ, இரண்டிலும் சிவப்பு வைக்கச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பயம் ஒரு பக்கம், முன்கட்டு நமக்குத்தான் என்ற குஷி ஒரு பக்கம். கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்கப் பிறந்தவள், அது எங்கள் பக்கத்துக் கள்ளத்தனம் என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார். பிறகு கதவு திறந்தது. பெரியப்பா என் தலையில் கை வைத்து, "கண்ணை மூடிக்கிட்டு எடு மக்களே" என்றார். எடுத்தேன். எதை எடுத்தால் என்ன என்ற தைரியம். அப்பா பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெரியப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி தந்தது" என்று மட்டும் சொன்னார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நான் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். எனக்கு ஒரே குழப்பம். அப்பா ஏமாற்றவில்லையா? பிரிக்கக் கூடாது என்று நூறு தடவை சொல்லியிருந்தார்கள். பிரித்தேன். அதிலும் வெள்ளைப் பூ.

எனக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. அப்பா மறதிக்காரர். வேறு யாருடைய செருப்பையாவது மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர். இரண்டு சிவப்பு வைக்க நினைத்து, பதற்றத்தில் இரண்டு வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டார்! சாமி முன்னால் ஏமாற்றத் துணிந்தாரே என்ற கோபத்தைவிட, துணிந்ததுதான் துணிந்தார், அதை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்ற கோபம்தான் எனக்கு ஆறவில்லை.

அம்மா துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். பூவைக் காட்டினேன். அப்பா மாற்றிக் கட்டிவிட்டார் என்று என் கண்டுபிடிப்பையும் விளக்கினேன். அம்மா அந்தப் பூவை வெகுநேரம் பார்த்தாள். முன்கட்டுக்கு நடந்துபோய் நாலு பேருக்கு முன்னால் அதைக் காட்டினால் போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அவள் எழுந்தாள். முன்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி வந்து பூவைக் கிணற்றில் போட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். புருஷனின் அசட்டுத்தனம் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நானும் சரி என்றேன்.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் அம்மா அப்பாவைப் பின்கட்டு அறைக்குள் கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா பூவைப் பற்றிச் சொன்னாள். அப்பா மறுக்கவில்லை. பெரியப்பா பதினோரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்ததையும், அதனால்தான் தான் மெட்ரிகுலேஷன் வரைக்கும் படிக்க முடிந்ததையும், கடையை விட்டால் பெரியப்பாவுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதையும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார்.

"நான் குடுத்தா அண்ணன் தொடமாட்டாரு. சாமி குடுத்தாத்தான் வாங்குவாரு. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

அம்மா மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"அண்ணனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டிய. அது சரி. என் பங்கை நீங்க யாருகிட்டக் கேட்டுக் குடுத்திய?"



நான் கதவுக்குப் பின்னால் நின்று விரல் விட்டு எண்ணினேன். முன்கட்டு ஒன்று, அது பெரியப்பாவுக்கு. பின்கட்டு ஒன்று, அது அப்பாவுக்கு. இருந்ததே இரண்டு பங்குதான். மறுபடியும் எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு ஏமாற்றத் தெரியாது, அம்மாவுக்கு எண்ணத் தெரியாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.