என் நாத்தனாரின் பிரசங்கம்

நாத்தனாரைப் புகழ்ந்து பேசும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் பார்த்ததில்லை. ஆனால் என் நாத்தனார் ஞானம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்பதில்லை. அவரோடு நான் சண்டை போட்ட கதைகளும் நிறைய இருக்கின்றன. அதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞானம்மா என் கணவர் அன்புராஜின் அக்கா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் எங்கள் காலனி. அவர் பிறந்த காலத்தில் அங்கே எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். இன்று காலையானால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. எங்கள் காலனியிலிருந்து அந்த பஸ்ஸில் ஏறிய முதல் பெண் ஞானம்மாதான். அவர் ஏறியதும் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். நிறுத்தச் சொல்லி இவர் கேட்டதே இல்லை. இவர் பேச ஆரம்பித்தால் பாட்டு யார் காதிலும் விழாது, அவ்வளவுதான்.

அந்தக் குரலை எங்கள் சபை தாமதமாகத்தான் கண்டுகொண்டது. முதலில் வீட்டு ஜெபக் கூட்டங்களில் பேசினார். நன்றாகப் பேசுகிறாரே என்று, வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெண்கள் ஞாயிறன்று பிரசங்க மேடையைக் கொடுத்தார்கள். பெண்கள் ஞாயிறென்றால் நல்ல மனைவி, நல்ல தாய், பொறுமை என்று பேசி, கடைசியில் எல்லாருக்கும் கேக் கொடுத்து அனுப்புவது வழக்கம். ஞானம்மா ஏறிய முதல் வருஷமே குடியைப் பற்றிப் பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் பார்த்த முகங்களையே ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையோடு பார்க்கும்போது பையில் கைவிடக் கூச்சமாக இருக்கிறது என்றார். பை பிடித்தவர்கள் தலை நிமிரவில்லை. அந்த வருஷம் கேக் நிறைய மிஞ்சியது.

மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் கீழே இறங்கினால் வேறு ஆளாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த நினைப்பு என் கணவர் இறந்த அன்று போயிற்று. நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வளையலை உடைக்க வேண்டுமாம், இனிமேல் பூ வைக்கக் கூடாதாம். எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகிறது. இந்த வழக்கம் மட்டும் இன்னும் பெறவில்லை. தம்பியைப் பறிகொடுத்து அழுது முகம் வீங்கிக் கிடந்த ஞானம்மா எழுந்து வந்தார். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"என் தம்பி வாங்கிப் போட்ட வளையலு. ஒடைக்கணும்னா மொதல்ல என் கைய ஒடைங்க" என்றார்.

யாரும் கிட்டே வரவில்லை. அந்த வளையலைத்தான் இன்றைக்கும் போட்டிருக்கிறேன்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தது தப்பு. சில வருஷம் கழித்து என் மகள் சோனியாவுக்கு வரன் அமைந்தது. பையன் ஜோஷ்வா, டயர் கம்பெனியில் நல்ல வேலை. அவனுடைய அப்பா பாக்கியநாதன் எங்கள் சபையின் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. மண்டபம், சாப்பாடு, புடவை எல்லாம் சுமுகமாகப் பேசி முடித்தோம். கடைசியில் தாலித் தட்டில் வந்து நின்றது.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண ஆராதனையில் தாலியை ஒரு தட்டில் வைத்து மாப்பிள்ளையின் அம்மா எடுத்து வருவார். பெண்ணின் அம்மாவில் தொடங்கி முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் அதைத் தொட்டு ஜெபித்துக் கொடுப்பார்கள். பிறகுதான் அது ஆயர் கைக்குப் போகும். தொடுகிறவர்கள் புருஷன் உள்ளவர்களாக இருக்க வேண்டும். சுமங்கலி என்று சொல்ல மாட்டோம், கிறிஸ்தவர்கள் அல்லவா. 'குடும்பமாக இருக்கிறவர்கள்' என்போம். வார்த்தையை மாற்றிவிட்டோமாம், பாவம் போய்விட்டதாம். புருஷன் இல்லாதவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்க்கலாம்.

அதனால் என் மகளின் தாலியை என் இடத்தில் ஞானம்மா தொடுவார் என்று பாக்கியநாதன் சொன்னார். அவருக்குப் புருஷன் தானியேல் இருக்கிறார், எனக்கு இல்லை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பெண்ணுக்கு நல்லது நடந்தால் போதும் என்று வாய் சொன்னதே தவிர மனசு ஆறவில்லை. என் கை பட்டால் அவளுக்கு ஆகாது என்றால், இத்தனை வருஷம் அவளைக் குளிப்பாட்டித் தலை வாரி சோறு ஊட்டியது எந்தக் கை? ஞானம்மா அன்று ஒன்றுமே பேசவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஊருக்கெல்லாம் பேசுகிறவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று.

கல்யாணத்துக்கு முந்தைய மாதம் பெண்கள் ஞாயிறு வந்தது. பாக்கியநாதன் வழக்கம்போல முதல் பெஞ்சில். அவர் மனைவி ரோஸ்லின் பெண்கள் பக்கத்தில். நான் அதற்குள் பழகிக்கொள்வோமே என்று கடைசி பெஞ்சுக்குப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். ஞானம்மா மேடையில் ஏறினார். மைக்கைத் தள்ளி வைத்தார்.

"கொழந்த இயேசுவ மொதமொதல்ல தேவாலயத்துக்குத் தூக்கினு வந்தாங்க. எதிர்க்க வந்தது யாரு? அன்னாள்னு ஒரு விதவை. நம்ம காலனியா இருந்தா மரியாள் இன்னா பண்ணியிருப்பாங்க? சகுனம் சரியில்லன்னு திரும்பிப் போயி, ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு அப்பறமா வந்திருப்பாங்க."

சிலர் சிரித்தார்கள். ஞானம்மா சிரிக்கவில்லை.

"கடவுள் தன் புள்ளைய வாழ்த்தறதுக்கு ஒரு விதவைய வாசல்ல நிக்க வெச்சாரு. நாம நம்ம புள்ளைங்க கல்யாணத்துல அவங்கள கடைசி பெஞ்சுக்கு அனுப்பறோம். கடவுளுக்கே தெரியாத சகுனம் நமக்குத் தெரிஞ்சிபோச்சா? வர்ற கல்யாணத்துல தாயி எடத்துல என்னிய ஒக்காரச் சொல்லிக்கிறாங்க. பெத்தவ உசுரோட இருக்கறப்ப நான் ஒக்கார மாட்டேன்."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, சபை முழுவதும் திரும்பி என்னைத்தான் பார்த்தது. ஆராதனை முடிந்ததும் பாக்கியநாதன் யாருக்கும் கை கொடுக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்து ஞானம்மாவைத் தாறுமாறாகத் திட்டினேன். உங்கள் தைரியத்துக்கு என் பெண்ணின் வாழ்க்கைதானா கிடைத்தது என்று கேட்டேன். அவர் எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸிலும் இதே பேச்சு. கூட வேலை செய்யும் கல்பனா, இதை எங்கள் தெருவிலும் வந்து பேசேன் அக்கா, எங்கள் ஆட்களிடமும் இதே கதைதான் என்றிருக்கிறாள். முதலில் எங்கள் வீட்டைப் பெருக்கிக்கொள்கிறேன், அப்புறம் நீ கூப்பிட்டால் வருகிறேன் என்றாராம் ஞானம்மா.

அந்த வாரமே பாக்கியநாதனும் ரோஸ்லினும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஞானம்மாவும் இருந்தார். சோனியா சமையல்கட்டு வாசலில் நின்றாள். பாக்கியநாதன் சுற்றி வளைக்கவில்லை.

"சிஸ்டர், பிரசங்க மேடை குடும்ப விஷயம் பேசற எடம் இல்ல."

"குடும்ப விஷயத்த ஆராதனைக்குள்ள கொண்டாந்தது நான் இல்ல பிரதர். தட்டு அங்கதான சுத்துது" என்றார் ஞானம்மா.

பாக்கியநாதன் சோனியா கொடுத்த டீயைக் கையில் எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஞானம்மாவைப் பார்த்தேன். எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் அந்த மனுஷி இந்தக் கேள்விக்கு வாயைத் திறக்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இதை நான்தான் சொல்ல வேண்டும். சம்பந்தம் முறிந்தாலும் முறியட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

"நான் தொடுவேண்ணா. என் பொண்ணு தாலிய நான் தொடுவேன்."

நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று பாக்கியநாதன் கேட்டார். அதற்கு ரோஸ்லின்தான் பேசினார். அந்த அம்மா புருஷன் எதிரில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"எங்க அக்கா எஸ்தரு, மாமா போனதுல இருந்து எந்தக் கல்யாணத்துலயும் முன்னாடி வந்து நிக்கல. அது ஒதுங்கினு இருந்ததால யாரு ஊட்ல இன்னா நல்லது நடந்துச்சி?"

பாக்கியநாதன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். யோசிக்க வேண்டும் என்றார். அதன் பிறகு கல்யாண நாள் வரை அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ஜோஷ்வா மட்டும் போன் செய்து தேதி மாறாது என்று சோனியாவிடம் சொன்னான். தட்டு விஷயத்தில் அப்பா என்ன முடிவெடுத்தார் என்று அவனுக்கும் தெரியவில்லை.

கல்யாணத்தன்று ஞானம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். தான் எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தானியேல் அண்ணன் சோனியாவின் கைபிடித்து அழைத்து வந்தார். பாட்டு, ஜெபம், வாக்குறுதி எல்லாம் ஆயிற்று. பாக்கியநாதன் உள்ளறையிலிருந்து தாலித் தட்டோடு வந்து ரோஸ்லினிடம் கொடுத்தார். என் பக்கம் பார்க்காமல் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். நான் ஆண்டவரைக் கூப்பிடக்கூட மறந்து போனேன்.

ரோஸ்லின் நேராக என்னிடம் வந்தார். "தொட்டுக் குடுங்க சம்பந்தி" என்றார். மகள் தலையைக் குனியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டேன். ஜெபத்துக்கு வார்த்தை வரவில்லை, அவள் பெயரை மட்டும் சொன்னேன்.

அடுத்து முன்வரிசைப் பெண்கள் தொட்டார்கள். அதன் பிறகு தட்டு ஆயரிடம் போக வேண்டும். போகவில்லை. ரோஸ்லின் தட்டோடு நடுப்பாதையில் இறங்கி நடந்தார். சபை முழுவதும் திரும்பியது. கடைசி பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார், வெள்ளையில் நீலக்கரை போட்ட புடவையில். தட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"நீயும் தொடுக்கா. அவர்தான் சொன்னாரு" என்றார் ரோஸ்லின்.

எஸ்தர் பாக்கியநாதனைப் பார்த்தார். அவர் எழுந்து நின்று தலையசைத்தார். கையை வெளியே எடுக்க அந்த அம்மாவுக்கு வெகுநேரம் ஆனது. ஆயர் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டு நின்றார். எஸ்தர் தொட்டதும் பக்கத்தில் இருந்தவரும் கை நீட்டினார், அதற்கு அடுத்தவரும். நான் என் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கடைசி பெஞ்சில் இருந்த அத்தனை பேர் கையும் பட்ட தாலியைத்தான் ஜோஷ்வா என் மகள் கழுத்தில் கட்டினான்.