அமுக்கிய கொழுந்து

எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. அரிசி களையும் முன் ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுத்தான் உலையில் இடுவேன். மாதக் கடைசி ஞாயிறு அந்தப் பிடியரிசி எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுக்குப் போகும். இந்து வீடா, வேதக்காரர் வீடா என்று அரிசி கேட்பதில்லை.

அரிசிக்கும் சமையல் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்தக் கஷ்டமான வருஷத்தில் போதகர், "இப்போதைக்குப் பிடியரிசி வேண்டாம், முதலில் உங்க பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. கொடுக்க வக்கில்லாதவள் என்று என் முகத்துக்கு நேரே அதுவரை யாரும் சொன்னதில்லை. அரிசி இல்லாவிட்டால் போகட்டும், நான் பறிக்கும் தேயிலைக் கொழுந்து இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தெடுப்பதில் எனக்குக் கை வேகம். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அடுத்த நிரையில் நின்றவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி. அப்போது அவளுக்கு ஆறு மாசம். வயிறு செடியில் இடிக்க, குனிந்து எடுக்க முடியாது. குறித்த கிலோ வராமல் பல நாள் அரைப் பேர்தான் விழுந்தது. அரைப் பேர் என்றால் பாதி நாள் வேலை. இப்படியே போனால் தோட்டத்தில் கொடுக்கும் பிரசவக் காசுக்கு வேண்டிய வேலை நாள் சேராது. கொழும்பில் அவள் புருஷனுடைய வேலையும் போயிருந்தது. பிறக்கப் போகும் பிள்ளைக்கு அந்தக் காசை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆனால் ரோஷக்காரி. "கொஞ்சம் கொழுந்து போடவாடி?" என்று கேட்டதற்கு, "வேணாங்க அக்கா, என் பேர நானே எடுத்துக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். கொழுந்தெடுப்பவளுக்கு அது நடக்காத காரியம், இரண்டு கையும் சேர்ந்தால்தான் எங்களுக்கு வேலையே. அவளுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று கர்த்தரோடு நானே பேசி முடித்துக்கொண்டேன். அவள் கூடையை இறக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும்போதெல்லாம் என் கூடையிலிருந்து பிடி பிடியாக அள்ளிப் போட்டேன். முழுப் பேர் விழத் தொடங்கியது. "இப்பதான் கை வந்திருக்கு அக்கா" என்று என்னிடமே சொன்னாள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெயில் காய்ந்த ஒரு நாள் அவள் கூடையில் பாதிகூட இல்லை. நிறையப் போட்டேன். திடீரென்று கூடை நிரம்பினால் கண்டுபிடித்துவிடுவாளே என்று இரண்டு கையாலும் நன்றாக அமுக்கிவிட்டேன். கொடுத்தால் அமுக்கிக் குலுக்கி நம் மடியில் திருப்பிப் போடுவார்கள் என்று போதகர் பிரசங்கித்தது தலையில் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ. கொழுந்தெடுக்கும் எவளும் அதைச் செய்ய மாட்டாள். அமுக்கிய கொழுந்து சூடேறி அவிந்துபோகும்.

நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் என் கொழுந்து முதலில் தராசில் ஏறி இறங்கியது. அடுத்தது அவளுடையது. எங்கள் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா கூடைக்குள் கையை விட்டார்.

"என்னா இது, அமுக்கி வச்சிருக்க? அவிஞ்சு கெடக்கு. இத நிறுக்க மாட்டேன்."

"சத்தியமா நான் அமுக்கலங்க ஐயா."

"அப்ப பேயா வந்து அமுக்குச்சு?"

"நாந்தாங்க ஐயா," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைவிட கண்டாக்கையாவின் ஏச்சு எவ்வளவோ மேல்.

"தர்மம் செய்யிறதுன்னா ஒழுங்கா செய்யணும்" என்று அவர் அவிந்ததையெல்லாம் கொட்டச் சொன்னார். கூடையில் கொஞ்சம்தான் மிஞ்சியது. என்னால் அவளுக்கு அன்றைக்கு அரைப் பேர். திருப்பிப் போட என் கூடையிலும் ஒன்றுமில்லை. அவமானத்தில் அழுகை முட்டியது.

பின்னால் நின்றவள் தண்ணீர்க் குழாயடியில் என்னோடு வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறவள். அவள்தான் முதலில் முன்னால் வந்து தன் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டாள்.

"ஒரு பிடி போட்டா என்னா கொறஞ்சிரப் போவுது?"

அதற்குப் பிறகு வரிசையில் நின்ற எல்லோரும் போட்டார்கள், அமுக்காமல், அலுங்காமல். கண்டாக்கையா தராசைப் பிடித்துக்கொண்டு, "வெரசா போடுங்க, லொறி நிக்குது" என்றார். கூடை விளிம்பு தாண்டிக் கொழுந்து கீழே விழுந்தது. முழுப் பேர். அப்போது நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேத்தண்ணிக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் போடுவதை நிறுத்தவில்லை. பிள்ளை பிறந்தது, காசும் வந்தது.

அந்த மாதக் கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பை அரிசியோடு என் வீட்டுக்கு வந்தாள். டின்னை எடுத்து மடியில் வைத்துப் பிடித்தேன்.

"ஒரு பிடி போதும்டி."

அவள் கேட்கவில்லை. டின் நிரம்பும்வரை கொட்டினாள். உள்ளங்கையால் அமுக்கினாள். பக்கத்தில் தட்டிக் குலுக்கினாள். மறுபடியும் கொட்டினாள்.

"அரிசிய அமுக்கலாந்தானே அக்கா? இதுக்கு கண்டாக்கையா ஏச மாட்டாரு."

அரிசி விளிம்பில் வழிந்து என் மடியில் விழுந்தது.