உப்புத்தூணைப் பற்றிப் பேசிய வெள்ளிக்கிழமை

ஐம்பதுகளின் நடுவில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ராயக்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வேதக் கதைகளுக்கு உள்ளர்த்தம் சொல்வேன். வெள்ளம் என்பது நம் மனக்கலக்கம், பேழை என்பது விசுவாசம் என்று. எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு வாரம், எரிகிற ஊரைவிட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்து உப்புத்தூணான பெண்ணைப் பற்றிப் பேசினேன். "அந்த ஊர்தான் நம்ம பழைய வாழ்க்கை. விட்டுட்டு வந்ததையே நெனச்சிட்டிருந்தா மனசு உப்பா இறுகிப்போயிடும்" என்றேன். விடுதியில் சமையல் செய்யும் அக்கா ஜெபம் முடியுமுன்பே எழுந்து போனார். மறுநாள் அடுப்படியில் அவரும் இல்லை, அறையில் அவர் பெட்டியும் இல்லை.

விடுதி வார்டனம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. கணவர் இறந்தபின் அக்கா ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். அந்தக் கோபத்தில் பர்கூர்ப் பக்கம் இருந்த மாமியார் வீட்டார் ஐந்து வயது மகளைக் கொடுக்காமல் இவரை மட்டும் அனுப்பிவிட்டார்கள்.

பாடம் நடத்தும்போதும் என் கண் வாசலிலேயே இருந்தது. யாராவது வேகமாக நடந்து வந்தால்கூட, அக்கா ஏதாவது கிணற்றில் விழுந்துவிட்ட செய்தியோ என்று பயந்தேன். நான் பேசியதுதான் காரணம் என்று வார்டனம்மாவிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் அக்கா பெட்டியோடு வந்தார்.

"உங்கள நெனச்சு நான் அதைச் சொல்லலைக்கா" என்றேன்.

"தெரியுங்க டீச்சரம்மா. ஆனா கேட்டப்புறம் இருக்க முடியல. உப்பாப் போனாலும் போறேன்னு கெளம்பிட்டேன். மூணு நாளு அவங்க வூட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். அப்புறம் மாமியா மனசு எறங்கி, மாசம் ஒருக்கா வந்து புள்ளையப் பாத்துக்கன்னுட்டாங்க."

பெட்டியைக் கீழே வைத்தார். "உப்பாப் போன அந்தம்மா சும்மாவா திரும்பியிருக்கும்? பின்னாடி யாரோ இருந்திருப்பாங்க."

அவர் அடுப்படிக்குப் போனதும் வேதத்தை எடுத்துப் படித்தேன். அந்தப் பெண்ணோடு கிளம்பி வராத அவள் மருமகன்மார் எரிந்த ஊரில்தான் இருந்தார்கள். எத்தனையோ முறை படித்தும் கண்ணில் படாத வரி.

அடுத்த வெள்ளிக்கிழமை வேதப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"அர்த்தம் சொல்லலீங்களா?" என்றார் ஒருவர்.

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் தெலுங்கில் பேசத் தொடங்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது.