நான் வெளியே நின்ற தீர்மானம்

வெள்ளைக்காரன் ஆட்சியில் எங்கள் பஞ்சாயத்து போர்டில் நானும் ஒரு மெம்பர். கரையான்சாவடி ஜனங்கள் என் அறிவைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எதிரே நின்றவர் என்னைவிட மோசம், அவ்வளவுதான் விஷயம் என்பது என் மனைவியின் கட்சி.

போர்டில் ஒரு விதி இருந்தது. தனக்கோ தன் சொந்தக்காரருக்கோ லாபம் வரக்கூடிய விஷயம் எடுக்கப்பட்டால், அந்த மெம்பர் அதைப்பற்றிப் பேசக்கூடாது, கை தூக்கக்கூடாது, அறையிலேயே இருக்கக்கூடாது. அந்த விதிக்கு நாங்கள் கொடுத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. சம்பந்தப்பட்டவர் முதல் நாளே மற்ற மெம்பர்களின் வீடுகளுக்குப் போய், பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்துவிடுவார். மறுநாள் கூட்டத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தர்மப்பிரபு மாதிரி வெளியே நடப்பார்.

அந்தத் தடவை தர்மப்பிரபு நான். கரையான்சாவடி புளியமரத்தடியில் இருந்த மாட்டுவண்டிப் பேட்டையைப் பூந்தமல்லிக் கடைத்தெருப் பக்கம் மாற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம். புதுப் பேட்டைக்கு நேர் எதிரே என் மைத்துனனின் காபி கிளப். முந்தின நாள் பிரசிடெண்டு வீடு தொடங்கி ஒரு வீடு பாக்கியில்லாமல் படியேறிவிட்டேன்.

கூட்டத்தன்று துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தால், கூட்ட அறை ஜன்னலோரம் வேப்பமரத்தடியில் ஓர் அம்மாள் சொம்போடு நின்றிருந்தாள். புளியமரத்தடி வண்டிக்காரர்களுக்குக் கூழும் மோரும் விற்றுத் தன் பெண்களுக்குச் சோறு போடுகிறவள்.

“நைனா, பேட்டைய எடுக்கப் போறாங்களாமே. வண்டி நிக்கலைன்னா என் பானைக்கு இன்னா வேல? நீ நம்ம மெம்பரு. உள்ள போயி எனக்காவ ரெண்டு வார்த்த பேசு.”

“பேசக்கூடாதுக்கா. புதுப் பேட்டையாண்ட என் மச்சான் கடை கீது. அதனால நான் வெளியதான் நிக்கணும். சட்டம்.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதிலிருந்த அசிங்கம்.

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இரக்கம் இருந்தது. “அய்ய, இன்னா சட்டம் இது. வாயக் கட்டி உட்டுட்டாங்களே உன்ன. வெயில்ல நிக்காத, இப்படி வா” என்று நிழலுக்குக் கூப்பிட்டுச் சொம்பை நீட்டினாள். இஞ்சி தட்டிப் போட்ட மோர். பாதி குடித்திருப்பேன்.

“நீ மட்டும் உள்ள இருந்திருந்தா உட்ருப்பியா நைனா?” என்றாள்.

சொம்பும் கையுமாகப் போய்க் கதவைத் தள்ளினேன்.

“பேட்டை அங்கியே இருக்கட்டும்” என்றேன்.

பிரசிடெண்டு கையை உயர்த்தி என்னை வாசலிலேயே நிறுத்தினார். “நீ சம்பந்தப்பட்ட ஆளு அண்ணாத்தே. உள்ள காலு வெக்கக்கூடாது. ரூலு.”

“ஒரே ஒரு வார்த்தை.”

“அதான் நேத்தே எங்க ஊட்டாண்ட வந்து, பேட்டைய மாத்தியே ஆவணும்னு சொல்லிகினு போனியே. எங்க எல்லாருக்கும் ஞாபகம் கீது. கவலப்படாம போயி மோரக் குடி.”

உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே கைகளும் உயர்ந்தன. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

சொம்போடு வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்தேன்.

“குடிச்சிடு” என்றாள். நைனா என்று சொல்லவில்லை. “சொம்பு வோணும். வண்டிங்க வர்ற நேரம்.”

கொட்டிவிட்டுக் கொடுக்கவும் மனம் வரவில்லை. மீதி மோரை நின்றபடியே குடித்தேன். அவள் சாலையைப் பார்த்தபடி, சொம்புக்காகக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.