தீர்த்தம் பட்ட கை

எண்பத்தாறாம் ஆண்டு என் தங்கைக்குக் குடலில் ஒப்பரேஷன் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் சண்டையில் காயப்பட்டு வந்தவர்களுக்கே கட்டில் போதாததால், கை நரம்பில் வைத்த குழாயோடே அவளைப் பண்டத்தரிப்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. அந்தக் குழாயால் ஏறிய குளுக்கோசும் சேலைனும்தான் அவளுக்குச் சாப்பாடு. அதை ஏற்றிவிட வந்த தாதி எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்: "சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒருத்தரும் உந்தக் குழாயைத் தொடக்கூடாது. கிருமி நேரை ரத்தத்துக்குள்ளை போகும்."

நான் கிணற்றடியில் நின்ற நேரம் பெரியப்பா வந்திருக்கிறார். பிளாஸ்டரைக் கிளப்பி, கீரிமலையிலிருந்து போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தைக் குழாய் நுழையும் இடத்தில் தடவியிருக்கிறார். அம்மா கும்பிட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அடுத்த நாள் தங்கைக்கு உடம்பு உதறியது. கை சிவந்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழாயைக் கழற்றி, மற்றக் கையில் மருந்து ஏற்றினார்கள். பிழைப்பாள் என்று டொக்டர் உடனே சொல்லவில்லை.

பெரியப்பா ஆஸ்பத்திரி வாட்டுக்கும் போத்தலோடு வந்தார். வாசலிலேயே மறித்தேன்.

"தீர்த்தத்திலை கிருமி இருக்குமோடி?"

"உங்கடை கையிலை இருக்கும். உள்ளுக்கு வராதேங்கோ."

"தகப்பனில்லாத பிள்ளையளைப் பாத்ததுக்கு நல்ல மரியாதை!" என்று கத்திவிட்டுப் போனார்.

தங்கை பிழைத்தாள். பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா என்னிடம் அழுதார்.

"அவர் தங்கச்சியிட்டைக் கேட்டவரோ?" என்றேன்.

நான் போகவில்லை.